வங்காளப் படத்துக்குத் தமிழ் உபதலைப்பு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த சனிக்கிழமை மாலை எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டி, ரித்விக் கட்டக் 1960இல் இயக்கிய ‘மேகே தாக்கா தாரா’ என்ற வங்காளப் படத்தைக் காட்டினார்கள். கட்டணம் வாங்காமல், தேநீரும் தந்து, இப்படியொரு படத்தை ஊருக்குள் கொண்டுவந்த இளைஞர்களைப் பாராட்டிய பின்பே என் குறையைச் சொல்ல வேண்டும். படத்தின் அடியில் ஓடிய எழுத்து முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்த பெண்கள். அரை மணிக்குள் அவர்களில் பலர் எழுந்து போய்விட்டார்கள். (தலைமையுரை முக்கால் மணி நேரம் நீண்டு, கதையின் முடிவையும் சொல்லித் தீர்த்தது. அதைப் பற்றி எழுதினால் இக்கடிதமும் நீண்டுவிடும்.)

1947இல் வங்காளம் பிரிக்கப்பட்டபோது கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து, கல்கத்தாவின் புறத்தே ஓர் அகதிக் குடியேற்றத்தில் வாழும் பள்ளி ஆசிரியர் ஒருவரின் குடும்பம்தான் படத்தின் களம். மகள் நீதா படிப்பை விட்டு வேலைக்குப் போய், எல்லோரையும் தாங்கி, கடைசியில் காசநோயுடன் ஷில்லோங் மலையில் உள்ள சிகிச்சை நிலையத்தை அடைகிறாள். 1995 ஒக்டோபர் 30இல் போரால் கையில் அகப்பட்டதோடு யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு நடந்தவர்களுக்கு இக்கதையை விளக்க எவரும் தேவையில்லை. நடிகை சுஜாதா நடித்த ‘அவள் ஒரு தொடர்கதை’ (1974) என்ற தமிழ்ப் படத்தைப் பார்த்திருந்த ஒருவர், “இது எங்கட சுஜாதாவின்ர படக்கதையெல்லோ” என்று என் காதில் சொன்னார்.

ஆயினும் கதை விளங்குவது வேறு, பேச்சு விளங்குவது வேறு. நீதா கலியாணம் செய்து போய்விட்டால் அடுப்பு எரியாதே என்று அஞ்சும் தாயை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் கொடியவள் அல்லள். வறுமை அவளைக் கணக்குப் பார்க்க வைக்கிறது. அவள் வாய்ப்பேச்சு விளங்காதவர்களுக்கு அவள் வெறும் சிடுமூஞ்சியாகவே தெரிந்தாள். வெளிநாட்டிலிருந்து மூத்த மகள் அனுப்பும் காசில் வீடு கட்டி, தங்கைமாருக்குச் சீதனம் கொடுத்து முடிப்பதற்குள் அந்த மகளுக்கு நாற்பது வயதாகிவிட்ட குடும்பங்கள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. அந்தத் தாய்மாரில் சிலரும் அன்று வந்திருந்தார்கள். அவர்களும் பாதியில் போய்விட்டார்கள்.

சங்கீதம் கற்பித்தவள் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீதாவின் அண்ணன் சங்கர் ஹம்சத்வனி ராகத்தைப் பாடியபோது, அதே ராகத்தில் அமைந்த ‘வாதாபி கணபதிம்’ கேட்டு வளர்ந்த எங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. சிலர் தொடையில் தாளமே போட்டார்கள். ஆனால் காதலனின் வீட்டில் வேறொரு பெண் இருப்பதை உணர்ந்து நீதா படியிறங்கும்போது எழுகின்ற சாட்டையடி ஓசையை, ஒலிபெருக்கியின் கோளாறு என்று எண்ணிய தம்பி ஒருவர் ஓடிவந்து குறைத்துவிட்டார். கட்டக் வேண்டுமென்றே வைத்த ஓசை அது. படத்தை ஒருமுறை முன்கூட்டியே பார்த்திருந்தால் இது நடந்திராது.

அடுத்ததாகக் கட்டக்கின் ‘சுபர்ணரேகா’ படத்தைக் காட்டவிருப்பதாகச் சொல்கிறார்கள். ஒரு மாதம் பிந்தினாலும் பரவாயில்லை. ஆங்கில வரிகளைத் தமிழாக்கி, வங்காளம் அறிந்த ஒருவரிடம் சரிபார்த்த பின் காட்டுங்கள். த. நா. குமாரசாமி போன்றோர் தமிழாக்கிய வங்க நாவல்களை இதே போன்ற வாசிகசாலைகளில் இரவல் வாங்கி வாசித்த தலைமுறை நாங்கள். பல்கலைக்கழக மாணவர் இருவர் முன்வந்தால், வரிகளைத் திருத்திக் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன் என்று நிலையக் காரியதரிசியிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை,
கோண்டாவில்.