டென்ட் பையில் ‘நான்கு பேர்’ என்றிருந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறை வந்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஏலகிரி, ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் போய், தெரிந்தவர் தோட்டத்திலோ வாடகைக்கு இடம் விடுவோரிடத்திலோ டென்ட் அடித்து ஓரிரவு தங்கிவரும் பழக்கம் எங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களையும் தொற்றிக்கொண்டிருக்கிறது. விடுதி அறைக்கு ஓர் இரவுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு டென்ட்டையே வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டு, சென்ற ஆண்டு நாங்களும் ஒன்றை வாங்கினோம். அந்தக் கணக்கு எங்கே தப்பியது என்பதைச் சொல்லவும், டென்ட் பையின்மேல் அச்சிடப்பட வேண்டிய சில எண்களை உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுவரவும் இதை எழுதுகிறேன்.

இணையக் கடை ஒன்றில் 2,300 ரூபாய்க்குக் கிடைத்தது. ‘நான்கு பேருக்கு’ என்றும் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்றும் பையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நான், கணவர், ஏழு வயது மகள், மூன்று வயது மகன் என நாங்களும் நான்கு பேர்தான் என்பதால் மேற்கொண்டு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. ஏலகிரியில் அதை விரித்த பிறகே தரை இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் என்பது தெரிந்தது. ஆளுக்கு 50 செ.மீ. அகலம், எங்கள் வீட்டுத் தலையணையே அதைவிட நீளம். மூன்று வயதுப் பிள்ளை தூக்கத்தில் கடிகார முள்ளைப்போலச் சுற்றிவரும் என்பதைப் பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துணிப்பையையும் செருப்புகளையும் வெளியே தள்ளிவிட்டு, ஒருவர்மேல் ஒருவர் கால் போட்டுக்கொண்டு படுத்தோம்.

நள்ளிரவுக்குப் பிறகு மழை பிடித்தது. பெருமழை என்று சொல்ல முடியாது. ஆனால் முதுகு துணியில் உரசிய இடமெல்லாம் ஈரமாகியது. தையல் ஓரத்தில் நீர் முத்துமுத்தாகக் கோத்துக்கொண்டு வழிந்து, மகனின் காலடியில் குட்டையாகத் தேங்கியது. “அம்மா, நான் ஒண்ணுக்குப் போகலம்மா” என்று அவன் அழுத குரலில்தான் நாங்கள் விழித்தோம். மீதி இரவைத் தோட்டத்துக்காரர் வீட்டுத் திண்ணையில் கழித்தோம்.

ஊர் திரும்பியபின் நான்கைந்து கடைகளில் ஏறி இறங்கியும், மலையேற்றம் செல்லும் நண்பர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டவை சில. ‘நான்கு பேர்’ என்பது, நான்கு பேர் மூட்டை முடிச்சு எதுவும் இல்லாமல் தோளோடு தோள் ஒட்டிப் படுக்க முடியும் என்ற கணக்கே அன்றி, ஒரு குடும்பம் இருந்து புழங்க முடியும் என்பதற்கான உறுதி அன்று. பெரியவர் ஒருவருக்கு 65 செ.மீ., குழந்தைக்கு 55 செ.மீ. என்று வைத்தாலே எங்கள் நால்வருக்கு 240 செ.மீ. அகலம் தேவை, பைகளுக்கு இடம் அதற்கு மேல். ஆகவே இரண்டு சிறு குழந்தைகள் உள்ள குடும்பம் ‘ஆறு பேர்’ என்று விற்கப்படும் டென்ட்டைப் பார்ப்பதே சரி. எண்ணிக்கையை நம்புவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. விற்பனைப் பக்கத்தில் உள்ள நீள அகலத்தைக் குறித்துக்கொண்டு, மொட்டை மாடியில் சாக்பீஸால் அதே அளவில் கட்டம் கிழித்து, வீட்டிலுள்ள எல்லோரையும் அதற்குள் படுக்கச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. நமக்கு இரண்டாயிரம் ரூபாய் மிச்சம்.

‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற சொல்லும் தனியாக நின்றால் எதையும் சொல்வதில்லை. துணியின்மேல் நீரை நிறுத்தி, எவ்வளவு உயரம் வரை கசியாமல் தாங்குகிறது என்று சோதித்து, அந்த உயரத்தை மில்லிமீட்டரில் குறிப்பதே இத்துறையின் அளவுமுறை. மேல்துணிக்கு 1,500 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் நம் வடகிழக்குப் பருவமழைக்கு ஆகாது என்பது என் கருத்து. முட்டிபோட்டு ஊன்றும்போது ஈரத்தரையின் நீர் மேலே ஏறும் என்பதால் தரைத்துணி அதைவிட உறுதியாக இருக்க வேண்டும். காலாண்டு விடுமுறையை அடுத்து மழை தொடங்குகிறது, அரையாண்டு விடுமுறை அதன் கடைசியில் வருகிறது, மே மாதத்திலும் மலையில் மாலை மழை உண்டு என்கிறபோது, ‘மழை வராத நாளாகப் பார்த்துப் போகலாம்’ என்ற யோசனை பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் பொருந்தாது.

துணி எவ்வளவு நல்லதாயினும் ஊசி குத்திய துளைகள் வழியே நீர் இறங்கும். உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் தையல் நெடுக ஒரு மெல்லிய ஒளிபுகும் பட்டை ஒட்டப்பட்டிருக்க வேண்டும். எங்கள் டென்ட்டில் அது இல்லை. அதேபோல் ஒற்றைத் துணி டென்ட்டை விலை குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம். நால்வர் இரவெல்லாம் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் படிந்து, மழையே இல்லாத இரவிலும் விடியற்காலையில் முகத்தில் சொட்டும். உள்ளே கொசுவலைத் துணி, இடைவெளி விட்டு மேலே மழைக்கான தனி உறை என்று இரண்டடுக்காக இருந்தால் அந்த ஈரம் வெளி உறையோடு நின்றுவிடும். பகலில் புழுக்கமும் குறையும்.

தரைத்துணி சுவரோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருப்பது முக்கியம். புதர் மண்டிய இடங்களில் உள்ள சிறு உண்ணிகளால் பரவும் உண்ணிக் காய்ச்சல் எங்கள் மாவட்டத்துக்குப் புதியதல்ல. தனியாக விரிக்கும் தார்ப்பாயின் ஓரம் வழியே எது வேண்டுமானாலும் உள்ளே வரும். கொசுவலையில் ஓட்டை இல்லையென்றால் கொசுவத்திச் சுருளுக்கு வேலையே இல்லை. பாலியஸ்டர் துணிக்குள் சுருளைக் கொளுத்தி வைப்பதையும், கொடைக்கானல் குளிருக்காகக் கரியடுப்பை உள்ளே இழுத்து வைப்பதையும் நானே பார்த்திருக்கிறேன். துணி பற்றிக்கொள்ளும் ஆபத்து ஒருபுறம். கரி எரிந்து வெளியாகும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது என்பதால் தூங்கும் குழந்தையைக் காப்பாற்றக்கூட நேரம் இராது.

மற்றவற்றில் சிக்கனம் பார்க்கலாம். அலுமினியக் கழிகள் எடை குறைந்தவை, விலை கூடியவை. காரில் கொண்டுபோகிறவர்களுக்கு ஃபைபர் கிளாஸ் கழியே போதும், முறிந்தால் சிராய் கையில் ஏறும் என்ற எச்சரிக்கையோடு. உள்ளே தனித்தனி அறைத் தடுப்புகள் இருப்பவற்றுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்; மூன்று வயதுப் பிள்ளை எப்படியும் நடுராத்திரியில் நம்மிடம்தான் வரும். தூக்கிப் போட்டால் தானே விரியும் வகை பிள்ளைகளைக் கவர்ந்துவிடுகிறது. அதைத் திரும்ப வட்டமாக மடிப்பதற்குள் கணவன் மனைவிக்குள் சண்டை வராமல் இருந்தால் வாங்கலாம்.

எந்த டென்ட் ஆனாலும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் வீட்டிலேயே ஒருமுறை அடித்துப் பார்த்துவிட வேண்டும். மாடியில் முளை அடிக்க முடியாது என்பதால் நான்கு மூலைகளையும் தண்ணீர்க் குடங்களில் கட்டி, ரப்பர் குழாயால் கால் மணி நேரம் நீர் பீய்ச்சி, உள்ளே காய்ந்த துணியை விரித்துச் சோதித்தால் போதும். முதல் பயணத்துக்கு வாடகைக்கு எடுப்பதும் நல்லதே. சோதித்த பிறகும், பயணம் முடிந்த பிறகும் நன்றாகக் காயவைத்தே மடிக்க வேண்டும். ஈரத்தோடு சுருட்டிப் பரணில் போட்டால், நம் ஊர் வெக்கையில் துணியின் மேற்பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும், பிறகு அது குடைக்குக்கூட உதவாது.

இவ்வளவையும் வாங்குகிறவரே தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பதுதான் எனக்குள்ள குறை. பொட்டலத்திலுள்ள பொருளின் அளவு முக்கியமானதாக இருந்தால் அதன் நீள அகலத்தைப் பொட்டலத்தின்மேல் குறிப்பிட வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. எங்கள் டென்ட் பையில் அந்த அளவு எங்கும் இல்லை. ஆள் எண்ணிக்கை எந்த அளவிலான எழுத்தில் இருக்கிறதோ, அதே அளவில் தரையின் நீள அகலமும், மேல்துணி, தரைத்துணி ஆகியவற்றின் நீர் தாங்கும் அளவும் பையிலும் இணையப் பக்கத்திலும் இருக்கும்படி செய்ய வேண்டும். நீள அகலத்துக்குப் புதிய விதியே வேண்டாம். இவ்விதிகளின் கீழ் ஆய்வு நடத்தும் தொழிலாளர் துறை அதிகாரிகள் அடுத்த விடுமுறைக்கு முன் டென்ட் விற்கும் கடைகளிலும் கிடங்குகளிலும் ஒருமுறை பார்வையிட்டாலே போதும். நீர் தாங்கும் அளவை விதியில் சேர்ப்பதைப் பற்றி ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை முடிவெடுக்கட்டும்.

இப்படிக்கு,
இரு குழந்தைகளின் தாய்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.