மதினி, இந்த மூணு புஸ்தகத்தயும் வாசிச்சிருங்க

எஸ்போ, பின்லாந்து
நவம்பர் மாசக் கடைசி

அன்புள்ள மதினிக்கு,

இங்க நான் நல்லா இருக்கேன். அண்ணன், அம்மா, புள்ளைங்க எல்லாரும் சுகம்னு அம்மா போன்ல சொன்னாக. நீங்க அன்னைக்கு "அந்த ஊர்ல வாசிக்க என்னதான் கிடைக்குது"ன்னு கேட்டீங்க, அதுக்குள்ள அம்மா சாப்பாடு, குளுரு, ஸ்வெட்டர்னு கேட்க ஆரம்பிச்சிட்டாக, உங்களுக்கு பதிலே சொல்ல முடியல. போன்ல சொன்னா பாதிதான் வரும். அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், மத்தியானம் வேலை முடிஞ்சு உக்காந்து படிங்க.

ஊர் நிலவரம் ரெண்டு வரியில சொல்லிருதேன். குளுர்கூட பழகிருச்சு மதினி, இருட்டுதான் பழக மாட்டேங்குது. டிசம்பர் நடுவுல பகல் ஆறு மணி நேரம்கூட இருக்காது, மத்தியானம் மூணேகாலுக்குள்ள பொழுது அடைஞ்சிரும். ஆபீஸ் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. ஆளுங்க ரொம்ப நல்லவங்க, ஆனா வலிய வந்து பேச மாட்டாங்க, நம்ம ஊர் பஸ்ல ஏறுன அஞ்சு நிமிசத்துல எந்த ஊரு, யாரு மகன்னு கேட்டுருவாங்கல்ல, அந்தப் பேச்சே இங்க கிடையாது. வந்த புதுசுல யார்கிட்ட என்னத்தப் பேசன்னே தெரியாம இருந்தேன். என்னைய இந்த ஊரோட சேத்து வச்சது லைப்ரரிதான்.

ஹெல்சிங்கியில 'ஓடி'ன்னு ஒரு லைப்ரரி இருக்கு. பின்லாந்து சுதந்திரம் வாங்கி நூறு வருசம் ஆனதுக்காக கட்டுனது, 2018 டிசம்பர் 5ஆம் தேதி தொறந்தாங்க, அவங்க சுதந்திர தினத்துக்கு முந்தின நாள். பார்லிமென்ட்டுக்கு நேர் எதுக்க இருக்கு. மூணாவது மாடி முழுக்க புஸ்தகம், மேல வெள்ளையா அலை அலையா கூரை, சுத்தி கண்ணாடி. நடு மாடியில தையல் மெசின் வரிசையா போட்டுருக்காங்க, யாரு வேணும்னாலும் துணிய கொண்டுபோயி தச்சிக்கிடலாம். கைப்புள்ளைய தள்ளுவண்டியில வச்சு தள்ளிக்கிட்டு அம்மாமாருங்க வாராங்க, வயசானவங்க பேப்பர் வாசிக்காங்க, யாரும் யாரையும் வெரட்டுறதில்ல. கார்டு இலவசம். ஒரு புஸ்தகத்த 28 நாளு வச்சிக்கிடலாம், வேற ஆளு யாரும் கேக்கலன்னா திரும்பப் புதுப்பிச்சிக்கிடலாம். எங்க வீட்டுப் பக்கத்துல இருக்கிற சின்ன லைப்ரரியிலயும் அதே கார்டுதான், இல்லாத புஸ்தகத்தச் சொன்னா வேற லைப்ரரியில இருந்து எடுத்துக் குடுப்பாங்க. நம்ம ஊர் கிளை நூலகத்துல நீங்க எம்பேருலயும் உங்க பேருலயும் எடுத்துட்டு வந்து ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வாசிச்சோமே, அந்தப் பழக்கம் இங்க எனக்கு ரொம்ப உபயோகமா இருக்கு. புது ஊருக்குப் போனா முதல்ல அந்த மண்ணோட பழைய கதைய வாசிக்கணும்னு நீங்க சொன்னது என் மனசுல அப்படியே இருக்கு. டூரிஸ்ட் புஸ்தகம் ஒண்ணக்கூட நான் தொடல.

சரி, விசயத்துக்கு வாரேன். உங்களுக்கு நான் சொல்ற முதல் புஸ்தகம் 'கலேவலா', பின்லாந்தோட பழைய கதைப்பாட்டுக் காவியம். இத தமிழ்லயே வாசிக்கலாம் மதினி! எனக்கே நம்ப முடியல. இலங்கைத் தமிழர் ஆர். சிவலிங்கம், உதயணன்னு புனைபெயர், ஹெல்சிங்கியில இருந்தவரு, 1994ல பூரா காவியத்தயும் தமிழ்ச் செய்யுளா கொண்டுவந்திருக்காரு. அப்புறம் உரைநடையாவும் எழுதிருக்காரு. ரெண்டும் மதுரைத் திட்டம்ங்கிற இணைய நூலகத்துல இலவசமா கிடைக்குது, மருமககிட்ட சொன்னா டவுன்லோட் பண்ணித் தந்துருவா. ஐம்பது பாட்டு, 22,795 அடி. இவ்வளவயும் ஒரு மனுசன் உக்காந்து தமிழுக்குக் கொண்டுவந்திருக்காருன்னா எவ்வளவு பிரியம் இருந்திருக்கணும்.

இது ஒரே புலவர் எழுதுன காவியம் இல்ல. எலியாஸ் லொன்ரோத்னு ஒரு டாக்டர், வடக்க கயானின்னு ஒரு ஊர்ல வேல பாத்தவரு, கரேலியாப் பக்கம் கிராமம் கிராமமா நடந்து போயி, பாட்டுக்காரங்க பாடுறத எழுதி எடுத்து, கோத்து, 1835ல முதல்ல போட்டாரு, அப்புறம் 1849ல பெருசாக்கிப் போட்டாரு. எழுத்தாளர் கி.ரா. நம்ம கரிசல்ல கிழவன் கிழவிகிட்டல்லாம் உக்காந்து கதை சேகரிச்சாருல்ல, அதே வேலை. பிப்ரவரி 28 கலேவலா நாள், அன்னைக்கு ஊர் பூராம் கொடி ஏத்துவாங்க. ஒரு கதைப்பாட்டுக்கு இவ்வளவு மரியாதையான்னு பாக்கவே சந்தோசமா இருந்துச்சு.

செய்யுள எடுத்தவொடனே முதல்ல இருந்து தொடங்காதீங்க, உலகம் உண்டான கதை கொஞ்சம் மெதுவாப் போகும். நேரா பதினாலாவது, பதினஞ்சாவது பாட்டுக்குப் போங்க. லெம்மின்கைனன்னு ஒரு துடுக்குப் பய, பொண்ணு கேட்டு வடநாட்டுக்குப் போறான். போறதுக்கு முந்தி வீட்டுல ஒரு சீப்ப வச்சிட்டு, இதுல ரத்தம் கசிஞ்சா நான் செத்தேன்னு அர்த்தம்னு சொல்லிட்டுப் போறான். ஒரு நாளு சீப்புல இருந்து ரத்தம் வடியுது. அவனப் பெத்தவ பாவாடைய தூக்கிச் செருகிக்கிட்டு ஓடுறா. மரத்துக்கிட்ட கேக்கா, பாதைகிட்ட கேக்கா, நிலாகிட்ட கேக்கா, கடைசியில சூரியன் சொல்லுது, உன் மகன் சாவு நாட்டு ஆத்துல துண்டு துண்டா கிடக்கான்னு. அவ கொல்லன்கிட்ட போயி பெரிய பல்லு வச்ச வாரி ஒண்ணு செஞ்சு வாங்கி, ஆத்துக்குள்ள இறங்கி வாருறா. முதல்ல சட்டை வருது, அப்புறம் தொப்பி, அப்புறம் கை, தலை, முதுகெலும்பு. எல்லாத்தயும் சேத்து வச்சு, நரம்போட நரம்ப முடிஞ்சு, தேனீயக் கூப்புட்டு தேன் கொண்டுவரச் சொல்றா. ரெண்டு தடவ கொண்டு வந்த தேன் பத்தல. மூணாவது தடவ அந்தத் தேனீ வானத்துக்கே பறந்து போயி கொண்டு வருது. அத தடவுன பெறகுதான் மகன் கண்ணு முழிக்கான். "ரொம்ப நேரம் தூங்கிட்டேனே"ங்கிறான்! இத வாசிச்ச அன்னைக்கு எனக்கு அம்மா ஞாபகம்தான். இவ்வளவு தூரத்துல இருந்து வாசிச்சா அந்தப் பாட்டு வேற மாதிரி வந்து பிடிக்குது.

இங்கன இன்னொரு ஆளப் பத்தியும் சொல்லணும். அஸ்கோ பர்ப்போலா, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர், சிந்து சமவெளி எழுத்து திராவிட மொழிதான்னு வாழ்நாள் பூரா ஆராய்ச்சி பண்ணவரு. 2010ல கோயம்புத்தூர் செம்மொழி மாநாட்டுல விருது குடுத்தாங்கல்ல, அவருதான். இந்த குளுரு தேசத்துல உக்காந்து நம்ம மொழியப் பத்தி இவ்வளவு யோசிச்ச மனுசன் இருந்த ஊருன்னு நினைக்கும்போது எனக்கு இது அந்நிய ஊரா தெரியல.

ரெண்டாவது, 'ஏழு சகோதரர்கள்'. அலெக்சிஸ் கிவி, 1870. பின்னிஷ் மொழியில முதல் பெரிய நாவலே இதுதான்னு சொல்லுவாங்க. நான் இங்கிலீஷ்லதான் வாசிச்சேன், பெறகு பின்னிஷ் க்ளாஸ்ல சில பக்கம் மூலத்துலயே வாசிச்சோம். கதை என்னன்னா, யூக்கோலான்னு ஒரு பண்ணையில ஏழு அண்ணன் தம்பிங்க, அப்பா இல்ல, முரட்டுப் பயலுக. பக்கத்து வீட்டு வென்லாவ ஏழு பேரும் சேந்து போயி பொண்ணு கேக்காங்க, அவ ஒருத்தனயும் வேணாங்கிறா. அந்தக் காலத்துல இந்த ஊர்ல வாசிக்கத் தெரியலன்னா சர்ச்சுல கல்யாணம் பண்ணி வைக்க மாட்டாங்க மதினி. அதனால ஏழு பேரும் எழுத்துக் கத்துக்கிட கோயில்பிள்ளைகிட்ட போறாங்க, அவரு முடியப் புடிச்சு இழுக்காரு, மூலையில உக்கார வைக்காரு, ஜன்னல ஒடச்சிக்கிட்டு ஓடிருதாங்க. இந்த ஊர் சகவாசமே வேணாம்னு காட்டுக்குள்ள இம்பிவாரான்னு ஒரு எடத்துல வீடு கட்டி இருக்காங்க. கிறிஸ்மஸ் ராத்திரி அடிச்சி விளையாடி அந்த வீட்டையே கொளுத்திருதாங்க, வெறுங்காலோட சட்டையோட பனியில ஓடுறாங்க, பின்னால ஓநாய்க் கூட்டம். அந்தப் பக்கங்கள வாசிக்கும்போது உங்க கால் வெறைச்சிரும், பாத்துக்கிடுங்க. பெறகு ஒரு பண்ணையாரோட நாப்பது காளையையும் சுட்டுக் கொன்னுட்டு, அந்தக் கடன அடைக்க காட்டத் திருத்தி தானியம் வெளைவிக்காங்க. கடைசித் தம்பி ஏரோ முந்தி எழுத்துக் கத்துக்கிட்டு அண்ணன்மாருக்குச் சொல்லித் தாரான், மூத்தவன் யுஹானிக்கு தம்பிகிட்ட பாடம் கேக்க ஆத்திரம் ஆத்திரமா வருது. அந்த இடம் என்ன அழகு தெரியுமா!

எனக்கு வாசிக்க வாசிக்க கி.ரா.வோட 'கோபல்ல கிராமம்'தான் ஞாபகம் வந்துச்சு. அதுலயும் சனங்க காட்ட எரிச்சு, திருத்தி, ஊராக்கித்தான குடியேறுறாங்க. கிவியும் தன் சனங்க பேசுற மாதிரியே எழுதுனாரு, அதுக்காகவே பெரிய பெரிய படிப்பாளிங்க அவரத் திட்டுனாங்க. ஆல்க்விஸ்ட்னு ஒரு பேராசிரியர் கிழிகிழின்னு கிழிச்சிட்டாரு. 1872ல, முப்பத்தெட்டு வயசுல, வறுமையில, மனசும் கெட்டுப்போயி செத்துப் போனாரு. இன்னைக்கு ஹெல்சிங்கி ரயில்வே ஸ்டேசன் பக்கத்துல தேசிய நாடக அரங்கத்து முன்னால அவருக்குச் சிலை இருக்கு, அக்டோபர் 10 அவர் பொறந்த நாளுக்குக் கொடி ஏத்துறாங்க. நான் அந்தப் பக்கம் போனா கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் போவேன். நம்ம கி.ரா.வுக்கு தொண்ணூறு வயசுக்கு மேலயும் எழுத முடிஞ்சது, அரசு மரியாதையோட இறுதிச் சடங்கு நடந்தது, கோவில்பட்டியில நினைவரங்கம் வந்தது எல்லாம் பெரிய கொடுப்பினை. நீங்க இன்னும் அங்க போகலன்னு அம்மா சொன்னாக, புள்ளைங்களயும் கூட்டிக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழம போயிட்டு வாங்க.

'ஏழு சகோதரர்கள்' இங்கிலீஷ்ல வாசிக்க உங்களுக்கு அலுப்பா இருந்தா கவலையே வேணாம், வாட்ஸ்அப்புல அத்தியாயம் அத்தியாயமா கதையா பேசி அனுப்புதேன். அம்மாவும் கேக்கட்டும்.

மூணாவது மருமகளுக்கு. தூவே யான்சன் எழுதுன 'கோடைப் புஸ்தகம்', 1972ல வந்தது, மூலம் ஸ்வீடிஷ். மூமின் பொம்மைக் கதை எழுதுனவங்கதான், ஆனா இது பெரியவங்களுக்கான புஸ்தகம். ஒரு சின்னத் தீவு, ஒரு பாட்டி, சோபியான்னு ஆறு வயசுப் பேத்தி. பெருசா ஒண்ணுமே நடக்காது. முதல் அத்தியாயத்துல பாட்டியோட பல்செட்டு பூச்செடிக்குள்ள விழுந்துருது, ரெண்டு பேரும் தேடுறாங்க, பேத்தி "நீ எப்ப சாவ?"ன்னு கேக்கா. பாட்டி சலிச்சிக்கிடல, பயமுறுத்தல, சீக்கிரமே, அதப் பத்தி உனக்கென்னங்கிற மாதிரி சொல்லிட்டுப் போறா. அந்தப் புள்ளையோட அம்மா செத்துட்டாங்கன்னு ஒரே ஒரு வரியில வரும், அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது. ஆனா புஸ்தகம் பூரா அந்தத் துக்கம்தான் இருக்கு. மண்புழு ரெண்டா வெட்டுப்பட்டா அதுக்கு எப்படி இருக்கும்னு சோபியா சொல்லச் சொல்ல பாட்டி எழுதுற அத்தியாயம் ஒண்ணு இருக்கு, அத மட்டுமாவது மருமகள சத்தமா வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. எளிய இங்கிலீஷ்தான், ஒன்பதாங்கிளாஸ் புள்ளைக்கு தாராளமாப் புரியும்.

மிக்கா வல்தாரி, வைனோ லின்னா இவங்களும் இங்க பெரிய பேருதான், வாசிச்சேன், நல்லாத்தான் இருக்கு, ஆனா உங்களுக்கு இப்ப அவசரமில்ல.

இன்னொரு சந்தோசமான சேதி. எங்க பக்கத்து லைப்ரரியில மாசத்துக்கு ஒரு தடவ வாசகர் வட்டம் கூடுது, இங்கிலீஷ்ல பேசலாம். ஒவ்வொரு மாசமும் ஒருத்தர் புஸ்தகம் சொல்லணும். என் முறை வந்தப்ப பூமணியோட 'வெக்கை' சொன்னேன், என். கல்யாண் ராமன் இங்கிலீஷ்ல 'ஹீட்'னு பண்ணிருக்காருல்ல, அது. ஒரு பதினஞ்சு வயசுப் பையன் ஒருத்தன வெட்டிட்டு அய்யாவோட காடு மலைன்னு ஒளிஞ்சு திரியிற கதைய இவங்க எப்படி எடுத்துக்கிடுவாங்கன்னு யோசனையாத்தான் இருந்துச்சு. மதினி, அவ்வளவு பேசுனாங்க! பேசவே மாட்டாங்கன்னு சொன்னேனே, அதே ஆளுங்கதான். ஒரு வயசான அம்மா, காட்டுலயே வளந்தவங்க, அய்யாவும் மகனும் கிடைக்கிறத வச்சு பொங்கித் திங்கிற எடம், தண்ணி தேடுற எடம் எல்லாத்தயும் ஒவ்வொண்ணா குறிச்சு வச்சிட்டு வந்து கேட்டாங்க, அது என்ன செடி, அந்தக் கிழங்க எப்படி சுடுவீங்கன்னு. கொலைய விட்டுட்டு அந்த அப்பன் மகன் பாசத்தத்தான் எல்லாரும் புடிச்சிக்கிட்டாங்க. நான் கரிசல் எப்படி இருக்கும், மழை பேஞ்சா எப்படி ஒட்டும், வெயில்ல எப்படி வெடிக்கும்னு சொல்லச் சொல்ல கேட்டுக்கிட்டே இருந்தாங்க. வந்ததுல இருந்து நான் இங்க இவ்வளவு நேரம் நம்ம ஊரப் பத்திப் பேசுனதே இல்ல.

அடுத்து என் முறை வரும்போது என்ன சொல்லலாம்னு நீங்கதான் சொல்லணும். இங்கிலீஷ்ல வந்திருக்கணும், ரொம்ப தடியா இருக்கக் கூடாது. எனக்கு பாமாவோட 'கருக்கு' தோணுது, உங்களுக்கு என்ன தோணுது?

அப்புறம் ஒரு உதவி. சோ. தர்மனோட 'கூகை' என் அலமாரியில மேல் தட்டுல இருக்கணும், நீலக் கவர் போட்டு வச்சிருந்தேன். எங்கூட வேல பாக்குற பொண்ணு ஜனவரில மதுரை வந்துட்டுத் திரும்புறா, அவகிட்ட குடுத்து விடுங்க. அம்மா எப்படியும் பருப்புப் பொடியும் கருவாடும் கட்டித் தருவாக, புஸ்தகத்த அதுல இருந்து தள்ளி தனிப் பையில வைங்க, வாடை ஏறிரும். கலேவலால அந்தப் பதினஞ்சாவது பாட்ட வாசிச்சதும், எந்நேரமானாலும் சரி, ஒரு மெசேஜ் போடுங்க.

அண்ணனுக்கு என் அன்பு. புள்ளைங்களுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உங்க நாத்தனார்