தீத்தொண்டு நாளில் துணை நின்றவர்களுக்கு நன்றி

கடலூர் மக்களுக்கு வணக்கம்.

சித்திரை முதல் நாள் அதுவுமாக, வீட்டில் வேப்பம்பூப் பச்சடியை வைத்துவிட்டு தீயணைப்பு நிலையத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட எங்களுக்கே சங்கடம்தான். என்ன செய்ய, தேதி அப்படி அமைந்துவிட்டது. 1944 ஏப்ரல் 14-ல் பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிகீன்’ என்ற கப்பலில் தீப்பிடித்தது. பஞ்சுப் பொதியும் வெடிமருந்தும் ஒரே கப்பலில். அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் 66 பேர் திரும்பவில்லை. அவர்கள் நினைவாகத்தான் வருஷாவருஷம் அதே தேதியில் நாடு முழுக்க தீத்தொண்டு நாள் அஞ்சலி. 20-ம் தேதி வரை தீத்தொண்டு வாரம்.

அரசு அஞ்சலியில் மலர்வளையம், மரியாதை, அறிக்கை வாசிப்பு எல்லாம் முறையாக நடக்கும். ஆனால் ‘பணியின்போது இன்னுயிர் நீத்த வீரர்கள்’ என்ற ஒரே வரியில் எல்லாரும் அடங்கிவிடுவார்கள். எங்களோடு வேலை பார்த்த ஒருவர், பாழுங்கிணற்றில் விழுந்தவரைத் தூக்க இறங்கி விஷவாயுவில் போனார். (கிணற்றுக்குள் ஒருவர் மயங்கினால் அடுத்தவர் இறங்காதீர்கள், 101-க்கு அடியுங்கள். எத்தனை தடவை சொன்னாலும் தகும்.) அவர் மனைவி இந்த வருஷம் என்னிடம் கேட்டார்: “அண்ணே, அவர் பேரை ஒரு தடவை மைக்குல சொல்லச் சொல்லுங்க.”

சொன்னதும் தட்டாமல் ஒத்துக்கொண்ட நிலைய அலுவலருக்கு முதல் நன்றி. பேர், ஊர், இறந்த தேதி எல்லாம் சரிபார்த்து, வாசிக்க வாகாக எழுதித் தந்த தமிழய்யாவுக்கு நன்றி. பண்டிகை நாளில் பூ விற்ற விலைக்கு, கொள்முதல் காசுக்கே மலர்வளையம் கட்டித் தந்த திருப்பாதிரிப்புலியூர் பூக்கடை அக்காவை என்ன சொல்ல! மைக்செட் தம்பி வாடகையே வாங்கவில்லை. அஞ்சலிக்கு பியூகிள் ஊதிய ஆயுதப்படைக் காவலருக்கும் எங்கள் சல்யூட்.

தேவனாம்பட்டினத்திலிருந்து வந்து கடைசி வரை வெயிலில் நின்ற மீனவ அண்ணன்மார்களே, 2004 சுனாமியில் எங்களோடு தோள்கொடுத்தவர்கள் நீங்கள். உங்களுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

பேர் வாசிக்கும்போது அந்த அம்மா அழவில்லை. மஞ்சப்பையிலிருந்து, லேமினேஷன் ஓரம் பிரிந்துபோன இரங்கல் ஆணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மைக்கில் வருவதையும் அதில் இருப்பதையும் விரல் வைத்து ஒத்துப் பார்த்தார். இனிஷியல் சரியாக வந்ததும் பக்கத்தில் இருந்த மகனைப் பார்த்துத் தலையாட்டினார்.

அந்த நேரத்தில் யாராவது போட்டோ எடுத்திருந்தால் நிலையத்தில் கொடுங்கள். அந்த அம்மாவிடம் போன் இல்லை, பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர், மஞ்சக்குப்பம்