யார்டில் என் வண்டியை நகர்த்தி வைத்தவருக்கு, மற்ற எல்லோருக்கும்

நேற்று மதியம் என் ரத்தத்தில் எச்.ஐ.வி. எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் வைரஸ் அளவு ரிப்போர்ட் வந்தது. கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று ஆலோசகர் அம்மா படித்துச் சொன்னார். வீட்டில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தொற்று இல்லை என்பது முன்பே உறுதியாகிவிட்டது. போன அரவைப் பருவத்தில் ஒரு ராத்திரி, சர்க்கரை ஆலை யார்டில் கரும்பு வண்டியோடு வரிசையில் நின்றபோது, அங்கே போட்டிருந்த எச்.ஐ.வி. பரிசோதனை முகாமில்தான் எனக்குத் தொற்று இருக்கலாம் என்று முதலில் தெரிந்தது. அப்புறம் எங்களுக்கு என்ன நடந்தது என்று நம் பக்கத்துக் கரும்பு விவசாயிகளுக்குத் தெரியும். அதை மறுபடி எழுதவில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி, பெயர் தெரியாத ஒரு டிராக்டர் டிரைவருக்கு. ஆலை யார்டில் அன்று ராத்திரி எனக்கு அடுத்து நின்ற வண்டி அவருடையது. வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. நகரும்போது நம் வண்டி நகரவில்லை என்றால் பின்னால் இருப்பவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். அப்புறம் விடியும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான். வெட்டிய கரும்பு காயக் காய எடை போகும்.

பரிசோதனை முகாமுக்குள் போன நான் வெகுநேரம் வெளியே வரவில்லை. முதல் சோதனையை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தருகிற அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் மூன்று சோதனை செய்துதான் உறுதிப்படுத்துவார்கள் என்று உள்ளே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வண்டி ஞாபகமே எனக்கு இல்லை. வெளியே வந்து பார்த்தால் என் டிராக்டர் எடைமேடைக்குப் பக்கத்தில் நிற்கிறது. சாவி வண்டியிலேயே இருந்திருக்கிறது. வரிசை நகரும்போதெல்லாம் முதலில் என் வண்டியை எடுத்து, இறங்கி ஓடி, தன் வண்டியையும் எடுத்திருக்கிறார் அந்தத் தம்பி. மேலே சரிந்திருந்த கரும்புக் கட்டை, தோகையை முறுக்கி இறுக்கிக் கட்டியும் வைத்திருந்தார்.

நான் எந்தக் கூடாரத்திலிருந்து வருகிறேன் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஒன்றும் கேட்கவில்லை. "அண்ணே, எடை போடக் கூப்பிடுறாங்க, ஏறுங்க" என்றார். அவ்வளவுதான்.

அன்று ராத்திரியே எடை போட்டதால்தான் மறுநாள் காலையில் நம்பிக்கை மையத்துக்குப் போனேன். யார்டிலேயே கிடந்திருந்தால், அப்புறம் போயிருப்பேனா என்று சொல்லத் தெரியவில்லை.

ஆலை மருத்துவர், நம்பிக்கை மைய ஆலோசகர், எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துச் செவிலியர்கள், கூலி பேசிய கையோடு தயங்காமல் என் வயலில் இறங்கிய வெட்டு மேஸ்திரி, விவசாயிகள் சங்கத்துத் தோழர்கள், எல்லோருக்கும் என் நன்றி. ஆலையின் எச்.ஐ.வி. திட்டம் முன்பெல்லாம் நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டும்தான். அந்த ஆலைக்குக் கரும்பு போடுகிறவர்கள், வெட்டுகிறவர்கள், ஏற்றி வருகிறவர்கள் எத்தனை மடங்கு! வெளிமாவட்டத்திலிருந்து வந்து வயலோரம் குடிசை போட்டுத் தங்குகிறவர்களுக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போவது லேசா? ராத்திரியில், யார்டிலேயே, சுற்றுவட்டார ஊர்க்காரர்களுக்கும் சேர்த்து முகாம் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர்களை நான் மறக்க மாட்டேன்.

பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2004-லிருந்து அரசே இந்தக் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது. தொற்று இருக்கிறது என்பதற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது, சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது என்று 2017-இல் சட்டமே வந்து, 2018 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குக் கூப்பிடுங்கள், காசு கிடையாது.

வருகிற பருவத்தில் முகாம் நடக்கும் ராத்திரிகளில் நான் யார்டில் இருப்பேன். உள்ளே போகிறவர்கள் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு நிதானமாகப் பேசிவிட்டு வரலாம். வெல்லக் கொட்டகைகளில் வேலை செய்கிறவர்களுக்கும் இதே மாதிரி முகாம் வேண்டும் என்று சங்கத்தில் கேட்டிருக்கிறேன்.

தம்பி, இது உங்கள் கண்ணில் பட்டால் ஆலை வாசல் டீக்கடையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அங்கே விவரம் சொல்லி வைத்திருக்கிறேன். உங்களை வீட்டுக்குக் கூட்டி வரச் சொல்லி என் மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.