மான்கொம்புப் பெரணியின் பழுப்பு இலையைப் பிய்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வீட்டுத்தோட்டப் பகுதியில், பலகையில் கட்டித் தொங்கவிட்டு வளர்க்கும் மான்கொம்புப் பெரணி (ஃபெர்ன்) பற்றி வந்த குறிப்பில் மூன்று யோசனைகள் இருந்தன. அடியில் காய்ந்து நிற்கும் பழுப்பு இலைகளைக் கிள்ளி எறிய வேண்டும், தினமும் காலை மாலை தண்ணீர் தெளிக்க வேண்டும், வாழைப்பழத் தோலை இடுக்கில் செருக வேண்டும். முதலாவது எந்த ஊருக்கும் பொருந்தாது. மற்ற இரண்டும் வேலூருக்குப் பொருந்தாது. நம் பக்கத்து நர்சரிகளிலும் 'ஸ்டாக்ஹார்ன்' என்று இந்தச் செடி விலைக்கு வரத் தொடங்கிவிட்டதால் இதை எழுதுகிறேன்.

இந்தப் பெரணிக்கு இலை இரண்டு வகை. கொம்பு போலக் கிளைத்து நீட்டிக்கொண்டிருப்பது ஒன்று. வட்டமாக, பலகையோடு அப்பிக்கொண்டு வேரை மூடுவது இன்னொன்று. அதைக் கேடய இலை என்று சொல்லலாம். கேடய இலை பச்சையாக முளைத்து, சில மாதங்களில் பழுப்பாகிக் காகிதம் போல ஆகிவிடும். பழுப்பான பிறகுதான் அதற்கு வேலையே. அடுக்கடுக்காகச் சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைப்பதும், மேலிருந்து விழும் சருகைத் தாங்கி மக்கவைப்பதும், வேருக்கு நிழல் தருவதும் அந்த அடுக்குதான். அதைப் பிய்த்தால் கூடவே வேரும் பிய்ந்து வரும். மிச்ச வேர் சித்திரைக் காற்றில் ஒரே நாளில் சுக்காகிவிடும். சந்தேகம் வந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். அப்பளம் போல மொறுமொறுத்தால் அது இயல்பு. கறுத்து, கொழகொழவென்று அமுங்கி, நாற்றமும் அடித்தால் அழுகல்.

இலை மேல் வெள்ளையாகப் பூத்திருப்பதையும் தூசி என்று ஈரத்துணியால் துடைத்துவிடுகிறார்கள். அது நுண்ணிய மயிர். வெயிலையும் வறட்சியையும் தாங்க இலை போட்டுக்கொண்டிருக்கும் போர்வை. துடைத்த இடத்தில் திரும்ப வராது. கொம்பு நுனியின் அடிப்பக்கத்தில் காப்பிப்பொடி அப்பியது போலத் தெரிவதும் நோயல்ல. அது வித்துத்தூள், செடி வயதுக்கு வந்ததற்கு அடையாளம். அதற்குப் பூஞ்சை மருந்து அடித்தவர்கள் நிறையப் பேர்.

தண்ணீர் விஷயத்தில்தான் அதிகச் செடிகள் போகின்றன. பலகையில் வேருக்கு அடியில் வைத்துக் கட்டும் பாசி ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் மேலே தெளிக்கும் தண்ணீரை உள்ளே விடாது. மேற்பரப்பு நனைந்து மினுக்கும், உள்ளே விரலை விட்டால் பொட்டு ஈரம் இருக்காது. இரண்டு வேளையும் தெளித்தேன், ஆனாலும் நுனி கருகுகிறது என்பவர்களுக்கு இதுதான் காரணம். தெளிப்பதை விட்டுவிட்டு முக்குங்கள். பெரிய பக்கெட்டில் பலகையோடு சேர்த்து வேர்ப்பகுதி மூழ்கும்படி 15 முதல் 20 நிமிடம். முதலில் குமிழி குமிழியாகக் காற்று வரும். அது நின்றால் உள்ளே தண்ணீர் போய்விட்டது. எடுத்துச் சொட்டு நிற்கும்வரை சாய்த்துவைத்து, கையில் தூக்கிக் கனத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த நாள் தூக்கிப் பாருங்கள். வெறும் பலகையின் கனத்துக்குப் பக்கத்தில் வந்தால் மறுபடி முக்க வேண்டிய நேரம். அக்னி நட்சத்திரத்தில் இது இரண்டு நாளுக்கு ஒருமுறை வரும். மார்கழி, தையில் வாரம் ஒருமுறை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒருமுறைகூட வேண்டாம். தாழ்வாரத்துக்குள் நகர்த்தினால் போதும். அந்த மாதங்களிலும் பழக்கதோஷமாகத் தெளிப்பவர்களின் செடியில்தான் குருத்தின் அடியில் கறுப்புப் புள்ளி விழுந்து, பரவி, ஒரு வாரத்தில் நடுப்பகுதியே கழன்று கையோடு வரும். புள்ளி தெரிந்த அன்றே தண்ணீரை நிறுத்தி, கறுத்ததைச் சுத்தமான கத்தியால் வெட்டி, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் பிழைக்கும். மருந்து அதற்குப் பிறகு.

எவ்வளவு தண்ணீர் என்பது ஒரு பக்கம். எந்தத் தண்ணீர் என்பது நம் ஊரில் அதைவிடப் பெரிய கேள்வி. நீரில்லா ஆறு என்று வேலூரைக் கேலி செய்வார்கள்; போர்வெல்லில் வருவதும் பல தெருக்களில் உப்புத்தண்ணீர்தான். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்குக் கட்டுகிறதா, அதே பொருக்கு பாசியிலும் கட்டும். மண்ணில் வளரும் செடிக்கு உப்பு கீழே கரைந்து இறங்க வழி உண்டு. பலகையில் தொங்குகிற கைப்பிடிப் பாசியில் அது அங்கேயே தங்கும். இலை நுனி பழுப்பாகிச் சுருளும், புது இலை குட்டையாக வரும். மோசமானது ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீர். வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் அதைச் செடிக்கு ஊற்றுகிறார்கள். வடிகட்டி நீக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். பெரணிக்கு ஏற்றது மழைநீர். மூடியுள்ள டிரம்மில் ஐப்பசி மழையைப் பிடித்துவைத்தால், கொசு வராமல் வலை கட்டி, கோடை வரை ஓட்டலாம். அது தீர்ந்தால் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர். குழாயில் குளோரின் வாடையோடு வரும் குடிநீரானால் ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு எடுங்கள். போர்வெல் தவிர வேறு கதியில்லை என்றால், மாதம் ஒருமுறையாவது மழைநீரில் அல்லது ஆர்.ஓ. குடிநீரில் முக்கி உப்பை அலசிவிட வேண்டும்.

நர்சரியில் இது பெரும்பாலும் பிளாஸ்டிக் தொட்டியில், சில சமயம் செம்மண்ணில் வைத்துத்தான் கிடைக்கிறது. கிழக்கு ஆஸ்திரேலியக் காடுகளில் மரத்தின் மேல் தொற்றி வளரும் செடி அது. ஒட்டுண்ணி இல்லை, மரத்திலிருந்து எதையும் உறிஞ்சாது. ஆனால் வேருக்குக் காற்று வேண்டும். மண்ணை உதிர்த்துவிட்டுப் பலகைக்கு மாற்றுங்கள். நாலு அங்குலத் தொட்டிச் செடிக்கு ஓர் அடிக்கு ஓர் அடி, முக்கால் அங்குலக் கனத்தில் தேக்கோ வேம்போ போதும். பிளைவுட் நனைந்து நனைந்து பிரிந்துவிடும். ஸ்பேக்னம் என்ற, ஈரத்தைப் பிடித்துவைக்கும் காய்ந்த பாசி இரண்டு மூன்று கைப்பிடி, அரைமணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து பலகை நடுவே மேடாக வையுங்கள். அது கிடைக்காவிட்டால் தேங்காய் நார். ஆனால் நாரிலும் உப்பு உண்டு, மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்த பிறகே எடுங்கள். மேட்டின் மேல் செடியை உட்காரவைக்கும்போது, கேடய இலையின் விரிந்த விளிம்பு மேல்பக்கம் பார்க்க வேண்டும், குருத்து வெளியே தெரிய வேண்டும். குருத்தின் மேல் பாசியை அமுக்கியவர்களுக்கு அழுகல் நிச்சயம். சுற்றி எட்டு ஆணி அடித்து, தூண்டில் நரம்பால் கேடய இலையின் மேலாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். செம்புக் கம்பி வேண்டாம், செடிக்கு ஆகாது. ஓராண்டுக்குள் புதுக் கேடய இலை முளைத்து நரம்பை மூடிவிடும்.

மே மாதத்தில் நாலு நாள் ஊருக்குப் போய்விடுகிற வீடு என்றால் பலகையே வேண்டாம் என்பது என் கருத்து. பத்து அங்குலக் கம்பிக்கூடையில் நார் விரித்து, மரப்பட்டைத் துண்டும் பாசியும் நிரப்பி, கூடையின் பக்கவாட்டில் செடியைப் பதித்தால் ஈரம் இரட்டிப்பு நாள் நிற்கும். அழகு கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

மேற்குச் சுவர் கூடாது. பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தச் சுவர் நள்ளிரவு வரை கக்கும். கிழக்குத் தாழ்வாரம், காலை எட்டு மணி வரை வெயில், அதற்குப் பிறகு நல்ல வெளிச்சம் மட்டும். மொட்டைமாடி என்றால் 75 சத நிழல்வலை. பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அங்குலம் இடைவெளி விட்டால் பின்னால் காற்று ஓடும்.

வாழைப்பழத் தோலுக்கு வருவோம். அது இங்கே மக்குவதற்குள் பழஈயும் எறும்பும் வந்துவிடும். எறும்பு வந்தால் அதன் பின்னாலேயே மாவுப்பூச்சி. இலைக்கு வேண்டிய தழைச்சத்து அதில் சொற்பம். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு 1 கிராம் கரைத்து, ஆடி முதல் புரட்டாசி வரை மாதம் ஒருமுறை, செடியை வெறும் தண்ணீரில் முக்கிய பிறகு ஊற்றினால் போதும். கோடையில் காய்ந்த வேரில் உரம் பட்டால் கருகும். மாவுப்பூச்சி, செதில்பூச்சி இரண்டுமே இலை மடிப்பில்தான் ஒளியும். பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு ஒவ்வொன்றாக எடுங்கள். வேப்பெண்ணெயை இலை முழுக்கத் தெளித்தால் அந்த வெள்ளை மயிர் ஒட்டிப்போகும்.

பக்கத்தில் முளைக்கும் குட்டியைப் பிரிக்க ஆசைப்படுபவர்கள் அதன் இலை நாலு அங்குலம் வரும்வரை பொறுக்க வேண்டும். தனக்கென ஒரு கேடய இலையும் இருக்க வேண்டும். சுற்றிலும் ஓர் அங்குலம் விட்டு வேரோடு கத்தியால் அறுத்து, மேலே சொன்னபடியே கட்டலாம். ஆடி, ஆவணியில் சாயங்கால மழை தொடங்கியதும் செய்தால் பிடித்துக்கொள்ளும். வாங்கும்போதே பைஃபர்கேட்டம் என்ற வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். சூப்பர்பம் என்ற பெரிய வகை குட்டியே போடாது. அதன் ஒற்றைக் குருத்து அழுகினால் செடி முடிந்தது.

இப்படிக்கு,
வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.