ரசிக்க ஒன்றுமில்லாத எங்கள் ஊர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான சுற்றுலாக் கட்டுரையில், 'வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் வெயிலையும் கருவேலங்காட்டையும் தவிர ரசிப்பதற்கு ஒன்றுமில்லை. பறவை பார்க்க விரும்புவோர் வேடந்தாங்கலுக்குச் செல்வதே நலம்' என்று ஒரு வாக்கியம் இருந்தது. எழுதியவர் கோட்டையைச் சுற்றிப் பார்த்து, மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு சென்னைப் பேருந்தில் ஏறியிருப்பார் என்று நினைக்கிறேன். வெயிலைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை.

அணைக்கட்டு வட்டத்தில் ஏரித் தண்ணீரை நம்பி நெல்லும் மல்லாட்டை என்னும் நிலக்கடலையும் பயிரிடுகிறவன் நான். எங்கள் கொல்லையில் ஆள்காட்டிக் குருவி, சரளைக் கற்களுக்கு நடுவே வெறும் தரையிலேயே நான்கு முட்டைகளைக் கூர்முனை உள்நோக்கி இருக்கும்படி இட்டு வைக்கும். எது கல், எது முட்டை என்று பக்கத்தில் போய் நின்றாலும் தெரியாது. தாய்ப்பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றுவதை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்து, கோடை உழவின்போது ஒரு பாய் விரிக்கும் அளவு நிலத்தை விட்டுவிட்டு டிராக்டரை ஓட்டுகிறோம். கிணற்றின் மேல் சாய்ந்த பனையில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்குகின்றன. ஆண்குருவி பாதி பின்னி வைக்க, பெட்டை வந்து பார்த்து அதற்குப் பிடித்தால்தான் மீதி வேலை நடக்கும். பிடிக்காமற்போன அரைக்கூடுகளும் அதே ஓலையில் ஆடிக்கொண்டிருக்கும். இவற்றைக் காண நுழைவுச்சீட்டு கிடையாது. அதனால்தான் கட்டுரையாளரின் கணக்கில் வராமற்போயின போலும்.

ஒரு வாக்கியத்துக்கு இத்தனை கோபமா என்று தாங்கள் கேட்கலாம். சென்ற மழைக்குப் பின் எங்கள் பக்கத்து ஏரியில் எடுத்த படத்தை, 'சைபீரியாவிலிருந்து வந்த அரிய விருந்தாளிகள்' என்று வெளியிட்டீர்கள். படத்தில் இருந்தது நத்தைகுத்தி நாரை. மூடிய அலகின் நடுவே இடைவெளி இருப்பது அச்சிலேயே தெளிவாகத் தெரிந்தது. நம் நாட்டிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, எங்கள் வயல் நத்தைகளைத் தின்று வாழும் பறவை அது. அன்றே திருத்தம் கோரி எழுதினேன். இடப்பற்றாக்குறை இருந்திருக்கும், மறுவாரம் ராசிபலனுக்கு முழுப்பக்கம் கிடைத்ததில் மகிழ்ச்சியே.

அதற்கும் முன்பு, 'புதர் மண்டிய ஏரிக்கரை தூய்மையானது' என்று படத்துடன் பாராட்டி எழுதினீர்களே, அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. பொக்லைன் வழித்தெறிந்த அந்தப் புதர், ஆவாரையும் நொச்சியும். கரை மண்ணைப் பிடித்து வைத்திருந்தது நொச்சி. மாட்டுப் பொங்கலன்று மாடுகளின் கழுத்தில் கட்ட நாங்கள் பூப்பறித்தது அந்த ஆவாரையில். குரோமிய உப்பு வருமுன் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் பெரும்பாலும் ஆவாரம்பட்டையைக் கொண்டே தோல் பதனிட்டார்கள் என்பதும், பிறகு தோல் ஆலைக் கழிவு கலந்து பாலாறு என்னவாயிற்று என்பதும் தாங்கள் அறியாதவையல்ல. சீமைக்கருவேலத்தை ஒழிப்பதாகச் சொல்லித்தான் இயந்திரம் வந்தது. வேரோடு பெயர்க்காததால் கருவேலம் மறுபடியும் துளிர்த்துவிட்டது, ஆவாரையைத்தான் காணோம். கரையோரப் பனைகள் சிலவும் அன்றே சாய்ந்தன. மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்ற 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையின் அறிவிப்பைத் தங்கள் நாளிதழில்தான் நான் படித்தேன். தங்கள் செய்தியாளரும் படித்திருப்பார் என்று நம்பியிருந்தேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த நாரைப் படத்துக்கு, தாமதமானாலும், இரண்டு வரித் திருத்தம் வெளியிடுங்கள். அடுத்த முறை ஏரிக்கரைத் தூய்மைச் செய்தி எழுத வரும் செய்தியாளரை, அங்கே ஆடு மேய்ப்பவர் எவரிடமாவது செடிகளின் பெயரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.