சங்கம் வேறு, கவுன்சில் வேறு

அன்புள்ள கலா,

நலம்தானே? அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பையனுக்குப் பத்தாம் வகுப்பு, ஆகவே படிப்பு எனக்கு. மற்றபடி எல்லோரும் சுகம்.

நான் எழுத உட்கார்ந்ததே வேறு ஒரு எரிச்சலில். போன வாரம் தோள்பட்டை இறுகிப்போன ஒரு அம்மா என்னிடம் பிசியோதெரபிக்கு வந்தார். 'பிசியோதெரபிஸ்ட்' என்று பலகை மாட்டிய ஒருவரிடம் முதலில் போயிருக்கிறார். அந்த ஆள் முடித்தது ஏதோ சில மாதச் சான்றிதழ் படிப்பு. ஒத்தடம் கொடுத்ததில் தோல் கொப்புளித்துவிட்டது. "இவர்மேல் யாரிடம் புகார் கொடுக்கணும்?" என்று அந்த அம்மா கேட்டார். டாக்டராக இருந்தால் மருத்துவக் கவுன்சில் என்று உடனே சொல்லியிருப்பேன். இதற்கு? போலீஸ், நுகர்வோர் நீதிமன்றம் என்று இழுத்தேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2021-இல் பிசியோதெரபி போன்ற மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தபோது நீதானே முதலில் போன் செய்து கத்தினாய்! பிசியோதெரபிஸ்ட் தனித்தும் தொழில் செய்யலாம் என்று அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. எங்களைப் பதிவு செய்து கண்காணிக்க ஆறு மாதத்தில் மாநிலக் கவுன்சில்கள் அமைய வேண்டும் என்றும் இருந்தது. ஆனால் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, இரண்டு மாதத்துக்குள் நடவடிக்கை எடுங்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. என் சுவரில் மாட்ட இன்னும் ஒரு பதிவு எண் கிடையாது.

இதையெல்லாம் பேசலாம் என்று நம்ம பிசியோதெரபிஸ்ட் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். அங்கே முழுக்க 'டாக்டர்' அடைமொழிதான். 2025 செப்டம்பரில் பிசியோதெரபிஸ்டுகள் பெயருக்கு முன் அதைப் போடக் கூடாது என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகத்தின் கடிதம் ஒன்று வந்து, மறுநாளே திரும்பப் பெறப்பட்டதே, அந்த வெற்றிவிழா இன்னும் ஓயவில்லை. சங்கத்தில் நாம் சிங்கம் என்று பட்டப்பெயர் வைத்த ஆள் மைக்கைப் பிடித்தால் விடுமா? நான் எழுந்து அந்த அம்மாவின் கேள்வியைச் சொன்னேன். "அதெல்லாம் நம்ம ஆளுங்களுக்கே ஆப்பு வைக்கிற வேலை" என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

தனிக் கவுன்சில் வேண்டும் என்று நானும்தான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் அவர்கள் கேட்கிற 'தனி' டாக்டர்களிடமிருந்து மட்டும். எனக்கு அது நம்மிடமிருந்தும் தனியாக நிற்க வேண்டும். சங்கம் நம்மைப் பார்த்துக்கொள்ளட்டும், நோயாளியை நம்மிடமிருந்து காப்பாற்ற வேறு ஒருவர் வேண்டாமா? இரண்டு நாற்காலியிலும் சிங்கமே உட்கார்ந்தால் அது எப்படிச் சரியாகும்?

உங்கள் பிரிட்டனில் பிசியோதெரபிஸ்டுகளைப் பதிவு செய்து கண்காணிக்கும் எச்.சி.பி.சி.யின் குழுவில் பாதிப் பேர் தொழிலுக்கு வெளியே உள்ளவர்கள். 'பிசியோதெரபிஸ்ட்' என்ற பெயரே சட்டக் காவலில் இருக்கிறது, பதிவில்லாமல் போட்டுக்கொண்டால் குற்றம். நீயோ தணிக்கைக்கு உன் பெயர் வந்ததென்று புலம்புகிறாய். புலம்பு, புலம்பு. அந்தப் புலம்பல்கூட எங்களுக்கு வாய்க்கவில்லையடி.

ஒரு வேலை செய். அங்கே விசாரணைத் தீர்ப்புகளை வெளியிடுகிறார்களே, அதில் நல்லதாக நாலைந்து பார்த்து அனுப்பு. பிழை என்ன, யார் விசாரித்தார்கள், என்ன தண்டனை என்று தமிழில் சுருக்கி, இப்படி ஒரு கவுன்சில் கேட்டு நான் எழுதும் மனுவோடு இணைக்கப் போகிறேன். சிங்கம் கையெழுத்துப் போடாது. ராஜியும் தொப்பியும் போடுவதாகச் சொல்லிவிட்டார்கள், தொப்பி இன்னும் படித்துப் பார்க்கவில்லை. மாதக் கடைசிக்குள் வேண்டும், வழக்கம்போல இழுத்தடிக்காதே.

உன்,
சுமதி